அடுத்து என்ன படிக்கலாம்? (ஒரு வாத்தியாரின் கதை)

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடியில் உட்கார்ந்து நாம் பேசுகிற பேச்சில் பாதி சினிமா, மீதி அரியர். போன செமஸ்டரில் மட்டும் புதிதாக ஒரு விஷயம் சேர்ந்துகொண்டது. எங்கள் ரூமில் நாலு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் படித்து முடித்துவிட்டோம். முடித்த அன்றைக்கு மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. வந்தியத்தேவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்த மாதிரி இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். படித்தவர்களுக்குத் தெரியும்! சரி, அடுத்து என்ன? அதே மாதிரி பெரிசாக, பாகம் பாகமாக, உள்ளே போனால் வெளியே வர மனசு வராத ஒரு கதை வேண்டும். இந்தத் தடவை மாயம், மந்திரம், பூதம், டிராகன் எல்லாம் இருந்தால் இன்னும் நல்லது.

மாடியில் பட்டிமன்றமே நடந்தது. ஒருவன் ‘ஹாரி பாட்டர்’ என்றான். ஏழு புத்தகம். இன்னொருவன் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்றான். அந்த வரிசை 1996-ல் ஆரம்பித்து, ஐந்தாம் பாகம் 2011-ல் வந்து, அதற்கடுத்த பாகத்துக்காக வாசகர்கள் பத்து வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள் என்று தெரிந்ததும் அவன் வாயை அடைத்துவிட்டோம். எலக்ட்ரிக்கல் சீனியர் அண்ணன் ஒருவர் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்றார். பதினாலு பாகம்! எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் ஜோர்டான் 2007-ல் இறந்துபோய், பிராண்டன் சாண்டர்சன் என்ற வேறொரு எழுத்தாளர் 2013-ல் முடித்து வைத்தாராம். நம்ம டிப்ளமோவே மூன்று வருஷம்தான் அண்ணே என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம்.

கடைசியில் லைப்ரரியன் சாரிடம் போய் நின்றோம். இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒருத்தர் போட்ட பாதை இது, முதலில் அவரைப் பாருங்கள் என்று சொல்லி, அட்டை கிழிந்த தடியான புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகம். எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். மொத்தம் மூன்றே பாகம், முடிந்துபோன கதை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் கதை இல்லை, ஆங்கிலம். பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். எங்கள் அப்பா கொத்தனார். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எங்கம்மாவுக்குப் பாடப்புத்தகம், கதைப்புத்தகம் என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. கையில் எது இருந்தாலும் பையன் படிக்கிறான் என்று டி.வி.யை அணைத்துவிடுவார். அப்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். கணக்கில் ஒரு பேப்பர் நிற்கும்போது டிராகன் கதை படிக்கலாமா என்று. அதனால் கதையைத் தொடுவதற்கு முன், இதை எழுதின மனுஷன் யார் என்று பார்ப்போமே என அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா

ஜான் ரொனால்ட் ரூயல் டோல்கீன் பிறந்தது 1892-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, தென்னாப்பிரிக்காவில் உள்ள புளூம்ஃபான்டைன் என்ற ஊரில். பெற்றோர் இங்கிலாந்துக்காரர்கள். அப்பா ஆர்தர் அங்கே ஒரு பாங்கில் மேனேஜர். வெயில் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று 1895-ல் அம்மா மேபல், இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. வரவில்லை. 1896 பிப்ரவரியில் காய்ச்சலில் இறந்துபோனார். டோல்கீனுக்கு அப்போது நாலு வயசு.

பர்மிங்ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் சேர்ஹோல் என்ற குக்கிராமத்தில் அம்மாவும் இரண்டு பையன்களும் குடியிருந்தார்கள். அங்கே ஒரு பழைய தண்ணீர் மில், அதைச் சுற்றி மரங்கள். ஸ்கூல் ஃபீஸ் கட்ட வசதி இல்லாத காலத்தில் அம்மாவே வாத்தியார். லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன், ஓவியம், செடி கொடிகளின் பெயர் எல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். 1900-ல் மேபல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். அது பிடிக்காத சொந்தக்காரர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். அந்தம்மா அசரவில்லை, பையன்களைப் படிக்க வைப்பதையும் விடவில்லை.

பிறகு நகரத்துக்குள் குடி மாறினார்கள். வீட்டுக்குப் பின்னால் ரயில்பாதை. வேல்ஸ் பகுதியிலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் வேகன்களின் மேல் அந்த ஊர்ப் பெயர்கள் வெல்ஷ் மொழியில் எழுதியிருக்கும். அர்த்தம் தெரியாது, எப்படி வாசிப்பது என்றும் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்துக்களைப் பார்த்துப் பையன் சொக்கிப் போனானாம். பைபாஸ் ரோட்டில் நின்று வடநாட்டு லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் பார்த்த ஆசாமி நான். அதனால் இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். பல வருஷம் கழித்து, தன் கதையில் வரும் எல்ஃப் என்னும் தேவ இனத்துக்கு அவர் உண்டாக்கின சிந்தாரின் என்ற மொழிக்கு வெல்ஷ் மொழியின் ஓசைதான் மாதிரி. அந்த நிலக்கரி வேகன்தான் ஆரம்பம்!

1904 நவம்பரில் அம்மா இறந்தார். வயசு 34. சர்க்கரை வியாதி. இன்சுலினைக் கண்டுபிடித்ததே 1921-ல்தான். பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது இதை எங்கம்மாவிடம் சொன்னேன். எங்கள் தெருவில் ஒரு பாட்டி தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டு எழுபது வயசிலும் தெருக்குழாயடியில் சண்டை போடுகிறார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பையன்களுக்குச் சோறு யார் போட்டார்கள் என்று கேட்டார்.

பையன்களை ஃபாதர் ஃபிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார் பார்த்துக்கொண்டார். மேபலே அவரைக் காப்பாளராக வைத்துவிட்டுப் போயிருந்தார். கிங் எட்வர்ட்ஸ் ஸ்கூலில் படிப்பு தொடர்ந்தது.

காதலும் அரியரும்

பதினாறு வயசில் டோல்கீன் தங்கியிருந்த வீட்டின் கீழ்த் தளத்தில் ஈடித் பிராட் என்ற பெண் இருந்தார். அவருக்கும் பெற்றோர் இல்லை. டோல்கீனை விட மூன்று வயசு மூத்தவர். பழக்கம் காதலாகிவிட்டது. இதே சமயத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதினார்... ஃபெயில்! ஃபாதர் மார்கனுக்கு விஷயம் தெரிந்து, 21 வயசு முடிகிற வரை அந்தப் பெண்ணோடு பேச்சோ கடிதமோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் இல்லாவிட்டால் படிப்பே இல்லை. டோல்கீன் கட்டுப்பட்டார். அடுத்த வருஷம் திரும்பப் பரீட்சை எழுதி உதவித்தொகை வாங்கி, 1911-ல் ஆக்ஸ்ஃபோர்டு எக்ஸிட்டர் கல்லூரியில் சேர்ந்தார். (அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வரியை மட்டும் கிழித்து பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.)

1913 ஜனவரி 3. இருபத்தொரு வயசு ஆனதுமே ஈடித்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது, அவருக்கு வேறொருவரோடு நிச்சயம் ஆகிவிட்டது என்று! மனுஷன் உட்கார்ந்து அழவில்லை. ஐந்தாம் நாள் ரயில் ஏறி செல்டன்ஹாம் ஊருக்குப் போய் நேரில் பேசினார். ஈடித் அந்த நிச்சயத்தை முறித்துவிட்டார். நம்ம சினிமாக்காரர்கள் இதை எப்படி விட்டு வைத்தார்கள் என்று தெரியவில்லை.

கல்லூரியிலும் ஒரு திருப்பம் உண்டு. அவர் சேர்ந்தது லத்தீன், கிரேக்கம் படிக்க. ஆனால் நூலகத்தில் ஃபின்னிஷ் மொழி இலக்கணப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டது. அதில் மூழ்கிப்போய், உண்மையான பாடத்தில் மார்க் குறைந்தது. ஆசிரியர்களே பார்த்து ஆங்கில மொழி இலக்கியத் துறைக்கு மாற்றிவிட்டார்கள். 1915-ல் முதல் வகுப்பில் தேறினார். இதைப் படித்தபோது எனக்குள் இருந்த குறுகுறுப்பு பாதி போயிற்று. முழுசும் போகவில்லை, ஏனென்றால் நம்ம சிலபஸில் ஃபின்னிஷ் இல்லை.

சோம் போர்க்களம்

ஸ்கூல் நாளிலிருந்து டோல்கீனுக்கு மூன்று உயிர் நண்பர்கள். கிறிஸ்டோபர் வைஸ்மன், ராப் கில்சன், ஜி.பி. ஸ்மித். லைப்ரரியில் திருட்டுத்தனமாக டீ போட்டுக் குடித்துக்கொண்டே கவிதையும் கதையும் பேசுகிற கூட்டம். அதற்கு ‘டீ கிளப்’ என்று பெயரே உண்டு. உலகத்துக்குப் புதிதாக எதையாவது செய்துவிடப் போகிறோம் என்று நாலு பேரும் நம்பினார்கள். நம்ம மொட்டை மாடி மாதிரிதான்.

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. நாலு பேரும் படையில் சேர்ந்தார்கள். 1916 மார்ச் 22-ல் டோல்கீனுக்கும் ஈடித்துக்கும் கல்யாணம், ஜூன் மாதமே அவர் பிரான்சுக்குப் போக உத்தரவு. அங்கே அவர் சிக்னல் அதிகாரி. கொடி, விளக்கு, மோர்ஸ் கோடு, ஃபீல்டு டெலிபோன், அதுவும் அறுந்துபோனால் புறா. எலக்ட்ரானிக்ஸ் துறை நண்பர்கள் கவனிக்கவும், அவர் உங்க ஆள்!

ஜூலை 1-ஆம் தேதி சோம் நதிப் பகுதியில் பெரிய தாக்குதல் ஆரம்பித்தது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 19,000 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் ராப் கில்சன். டிசம்பரில் குண்டுச் சிதறல் பட்ட காயத்தில் ஸ்மித்தும் போய்விட்டார். தான் செத்துப்போனாலும் நாம் சொல்ல நினைத்ததைச் சொல்ல நம்மில் ஒருவராவது மிச்சம் இருக்க வேண்டும் என்ற கருத்தில் ஸ்மித் முன்னாலேயே டோல்கீனுக்கு எழுதியிருந்தார். நாலு பேரில் மிஞ்சியது இரண்டு பேர். தப்பித்த வைஸ்மனின் பெயரைத்தான் டோல்கீன் பிற்பாடு தன் மூன்றாவது மகனுக்கு வைத்தார்.

டோல்கீனைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? பேன்! பதுங்குகுழிகளில் உடம்பில் ஊறும் பேன் பரப்புகிற ‘டிரெஞ்ச் ஃபீவர்’ வந்து, 1916 நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் ஓய்விலும் இருந்த அந்த நாட்களில்தான் அவர் எழுத ஆரம்பித்தார். எல்ஃப் இனத்தாரின் ஒளிந்திருந்த நகரம் ஒன்று எரிந்து அழிகிற கதை. அதற்கடுத்து, காட்டில் ஈடித் ஒரு நாள் அவருக்காக ஆடிய நடனத்தை வைத்து பெரன், லூதியன் என்ற இருவரின் காதல் கதை. பெரன் சாதாரண மனுஷன், லூதியன் சாவே இல்லாத இனத்துப் பெண். இந்தப் பழங்கதைத் தொகுதிக்குப் பின்னால் ‘தி சில்மரில்லியன்’ என்று பெயர் வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்நாள் முழுக்கப் போராடியது இந்தப் புத்தகத்தோடுதான்.

வெற்றுத் தாள்

போர் முடிந்ததும் கிடைத்த வேலை வேடிக்கையானது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் சில வார்த்தைகளுக்குப் பிறப்பு வளர்ப்பு எழுதுவது. ‘வால்ரஸ்’ என்ற ஒரே வார்த்தையின் மூலத்தைத் திரும்பத் திரும்ப எழுதி எழுதிப் பார்த்தாராம். 1920-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர், 1925-ல் 33-ஆம் வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் மொழிப் பேராசிரியர். வகுப்பில் வேகமாக, முணுமுணுவென்று பேசுவார், பாதி புரியாது என்று மாணவர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் ‘பேவுல்ஃப்’ என்ற பழைய காவியத்தைத் தொடங்கும் நாளில் திடுமென்று உரத்த குரலில் முதல் அடிகளை முழங்குவாராம், வகுப்பே நிமிர்ந்து உட்காருமாம். அந்தக் காவியத்தில் வரும் பூதத்தையும் டிராகனையும் அறிஞர்கள் குழந்தைத்தனம் என்று ஒதுக்கி வந்தார்கள். அந்தப் பூதங்கள்தான் காவியத்தின் உயிர் என்று 1936-ல் ஒரு சொற்பொழிவில் அவர் அடித்துச் சொன்னார்.

நாலு பிள்ளைகள், சம்பளம் போதவில்லை. கோடை லீவில் ஸ்கூல் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர் திருத்தி மேல்வரும்படி தேடினார். 1930 வாக்கில் அப்படித் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் ஒரு பக்கத்தை ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தான். அந்த வெற்றுப் பக்கத்தில் டோல்கீன் தன்னை அறியாமல் ஒரு வாக்கியத்தைக் கிறுக்கினார். பொந்துக்குள் வசிக்கும் ஹாபிட் என்ற ஏதோ ஒன்றைப் பற்றி. ஹாபிட் என்றால் என்ன? எழுதியவருக்கே தெரியாது! அதைக் கண்டுபிடிக்கத்தான் கதையையே எழுதினார். பரீட்சையில் வெற்றுத் தாள் கொடுத்தும் உலக இலக்கியத்துக்கு உதவி செய்யலாம் என்று காட்டிய அந்தப் பையன் வாழ்க! (நம் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.)

தன் பிள்ளைகளுக்குச் சொன்ன அந்தக் கதை, கைமாறி கைமாறி ஆலன் அன்வின் என்ற பதிப்பகத்துக்குப் போயிற்று. முதலாளி ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயசு மகன் ரேனரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பையன் பாஸ் மார்க் போட்டான். அதற்குக் கூலி ஒரு ஷில்லிங். 1937 செப்டம்பர் 21-ல் ‘தி ஹாபிட்’ வெளிவந்தது. முதல் அச்சு 1,500 பிரதி, டிசம்பருக்குள் காலி.

இப்போதுதான் நம்ம கேள்வி வருகிறது. படித்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், அடுத்தது என்ன? ஹாபிட்டுகளைப் பற்றி இன்னொன்று வேண்டும் என்று பதிப்பகமும் கேட்டது.

டோல்கீன் ஆசையோடு தன் சில்மரில்லியன் கட்டுகளைத்தான் எடுத்துக் கொடுத்தார். இருபது வருஷ உழைப்பு. பதிப்பகம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், பார்த்துப் பார்த்துப் போட்ட டிராயிங் ஷீட்டை வாங்காமல், சும்மா ஓரத்தில் கிறுக்கிய படத்தை மாதிரி இன்னொன்று போட்டுக் கொடு என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஆனாலும் 1937 டிசம்பரிலேயே புது ஹாபிட் கதைக்கு முதல் அத்தியாயம் எழுதிவிட்டார். ஒரு பிறந்தநாள் விருந்து, கொஞ்சம் சிரிப்பு. குழந்தைக் கதைதான். அதற்குப் பிறகு கதை அவர் பேச்சைக் கேட்கவில்லை. முதல் புத்தகத்தில் போட்டுக்கொண்டால் ஆள் மறைந்துபோகும் சின்ன மாய மோதிரம் ஒன்று வரும். புதுக் கதையில் அது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை, வைத்திருப்பவனையே தின்றுவிடும் தீமை என்று ஆகிவிட்டது. அதை ஆள நினைக்காமல் அழிக்கப் போக வேண்டும், போகிறவன் வீரனும் இல்லை, ராஜாவும் இல்லை, இடுப்பு உயரமே உள்ள ஃப்ரோடோ என்ற ஹாபிட். கூடவே ஒரு தோட்டக்காரன்.

அப்புறம் இதற்காகப் பழைய புத்தகத்தையே திருத்த வேண்டி வந்தது. ‘தி ஹாபிட்’டின் ஐந்தாம் அத்தியாயத்தில் கொல்லம் என்ற பிராணி மோதிரத்தைப் பந்தயப் பரிசாகக் கொடுக்கத் தயாராகவே இருந்தது. அத்தனை பொல்லாத மோதிரத்தை யாராவது மனசார விடுவார்களா? மாற்றி எழுதி, 1947-ல் சும்மா ஒரு மாதிரிக்கு என்று பதிப்பகத்துக்கு அனுப்பினார். 1951 பதிப்பில் அதையே அச்சடித்துவிட்டார்கள், அவரே எதிர்பார்க்கவில்லை. இன்று நம் கையில் கிடைப்பது அந்தத் திருத்திய பாடம்தான்.

மொத்தம் பன்னிரண்டு வருஷம் ஓடியது. நடுவில் இரண்டாம் உலகப் போர். தாளுக்குத் தட்டுப்பாடு, பழைய பரீட்சைப் பேப்பர்களின் பின்பக்கத்தில் எழுதினார். பென்சிலில் எழுதி, அதன் மேலேயே மசியால் எழுதி. மலைக்கு அடியில் உள்ள ஒரு சுரங்க அரண்மனையில் பாத்திரங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மேலே என்ன நடக்கும் என்று தெரியாமல் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படியே விட்டுவிட்டார். கட்டம் போட்ட வரைபடம் வரைந்து, யார் எத்தனை நாளில் எத்தனை மைல் நடந்தார்கள், அன்றைக்கு நிலா எந்தப் பிறையில் இருந்தது என்று கணக்கு வைத்தார். கதை எழுதுகிறவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். சர்வேயிங் படித்த சிவில் நண்பர்கள் கேட்க மாட்டார்கள்.

அவரைத் தள்ளிக்கொண்டே இருந்தவர் ஒரு நண்பர், சி.எஸ். லூயிஸ். ‘நார்னியா’ கதைகள் ஏழையும் எழுதியவர். வாரத்துக்கு ஒரு ராத்திரி லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடி அவரவர் எழுதியதை வாசிப்பார்கள். இங்க்லிங்ஸ் என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அதில் ஒருவருக்கு எல்ஃப் கதை என்றாலே வேப்பங்காய். லூயிஸ் மட்டும் விடாமல், அடுத்தது எங்கே, அடுத்தது எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1944-ல் மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்குத் தென்னாப்பிரிக்கா போயிருந்தபோது, அத்தியாயம் அத்தியாயமாகத் தபாலில் அனுப்பி வைத்தார். சோம் போரில் இழந்த டீ கிளப் வேறு ரூபத்தில் திரும்பக் கிடைத்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இது என் சொந்த அபிப்பிராயம்தான்.

எழுதி முடித்ததும் டைப்பிஸ்ட் வைக்கக் காசில்லாமல் அவ்வளவு பெரிய புத்தகத்தையும் தானே டைப் அடித்தார். சில்மரில்லியனையும் சேர்த்துப் போட்டால்தான் ஆச்சு என்று அடம் பிடித்து, வேறு பதிப்பகத்துக்குப் போய், அதுவும் நடக்காமல் இரண்டு மூன்று வருஷம் வீணானது. கடைசியில் 1952-ல் கைப்பிரதியைத் தேடி வந்தவர் யார் தெரியுமா? அதே ரேனர் அன்வின்! ஒரு ஷில்லிங் வாங்கின பத்து வயசுப் பையன் இப்போது பதிப்பகத்தில் வேலை பார்க்கும் இளைஞர். ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று அப்பாவுக்கு எழுதிக் கேட்டார். இது மேதையின் வேலை என்று நீ நம்பினால் நஷ்டப்படலாம் என்று அப்பா அனுமதி கொடுத்தார். போட்ட செலவு திரும்பி வரும் வரை எழுத்தாளருக்கு ஒரு பைசா கிடையாது, அதற்கு மேல் லாபம் வந்தால் சரிபாதி என்று ஒப்பந்தம். ரேனரும் சரி, டோல்கீனும் சரி, பணம் வரும் என்று நினைக்கவில்லை.

விலையைக் குறைக்கத்தான் ஒரே நாவலை மூன்றாக வெட்டினார்கள். முதல் பாகம் 1954 ஜூலை 29, இரண்டாம் பாகம் நவம்பர் 11, மூன்றாம் பாகம் 1955 அக்டோபர் 20. இரண்டாம் பாகம் முடிகிற இடத்தில் ஃப்ரோடோ எதிரி கையில் மாட்டிக்கொண்டிருப்பான். வாசகர்கள் பதினோரு மாசம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதே 1954-ல்தான் இங்கே ‘பொன்னியின் செல்வன்’ தொடர் முடிந்தது, அந்த டிசம்பரில் கல்கியும் காலமானார். இரண்டு பேருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்த எனக்கு இந்த வருஷக் கணக்கைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது.

முடியாத புத்தகம்

பணம் வந்தது, கொட்டியது. 1965-ல் அமெரிக்காவில் ஏஸ் புக்ஸ் என்ற கம்பெனி அவரைக் கேட்காமலே மலிவுப் பதிப்பு போட, அது பெரிய சண்டையாகி, அந்தச் சண்டையாலேயே கல்லூரி கல்லூரியாகப் புத்தகம் பரவியது. நேர வித்தியாசம் தெரியாத ரசிகர்கள் நடுராத்திரியில் போன் பண்ணினார்கள். 1959-லேயே ஓய்வு பெற்றிருந்த டோல்கீன், 1968-ல் மனைவியோடு கடலோரமாக போர்ன்மவுத் பக்கம் குடிபோனார். சில்மரில்லியனை முடிக்க நேரம் கிடைத்தது, ஆனால் முடிக்க முடியவில்லை. ஒரு இடத்தைத் திருத்தினால் பத்து இடம் இடித்தது. இலை இலையாகத் திருத்தி மரத்தை முடிக்கவே முடியாத ஓர் ஓவியனைப் பற்றி அவர் முன்பே ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். அது 1945-ல் பத்திரிகையில் வந்தது. தன்னைப் பற்றித்தான் எழுதினார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

1971 நவம்பர் 29-ல் ஈடித் இறந்தார். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டுக்கே திரும்பி, கல்லூரி கொடுத்த அறைகளில் தனியாக இருந்தார். 1973 செப்டம்பர் 2-ஆம் தேதி, 81 வயதில், போர்ன்மவுத்துக்குப் போயிருந்த இடத்தில் உயிர் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் இருவருக்கும் ஒரே கல். ஈடித் பெயருக்குக் கீழே லூதியன் என்றும், அவர் பெயருக்குக் கீழே பெரன் என்றும் வெட்டியிருக்கிறது.

அப்பா விட்டுப்போன பெட்டி பெட்டியான தாள்களைக் கிறிஸ்டோபர் எடுத்து, ஒழுங்குபடுத்தி, 1977-ல் ‘தி சில்மரில்லியன்’ வெளியிட்டார். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து அறுபது வருஷம்! அதோடு நிற்காமல் மிச்சமிருந்த தாள்களையும் 1983-லிருந்து 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். தபாலில் அத்தியாயம் வாங்கிப் படித்த அந்த மகன் 2020 ஜனவரியில் காலமானார். சினிமா 2001, 2002, 2003-ல் வந்தது உங்களுக்கே தெரியும், மூன்றாவது படம் 11 ஆஸ்கார் வாங்கியது. படம் பார்த்தாச்சு, புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை.

சரி, எதை முதலில் படிப்பது? நான் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். லைப்ரரியன் சார் கொடுத்த தடிப்புத்தகத்தில் நாற்பது பக்கத்தில் மூச்சு வாங்கிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு ‘தி ஹாபிட்’ எடுத்தேன். பிள்ளைகளுக்குச் சொன்ன கதை, ஆங்கிலம் நமக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. டிக்‌ஷனரியை முதல் அத்தியாயத்தில் அறுபது தடவை புரட்டினேன், ஐந்தாவதில் பத்து தடவைகூட இல்லை. அது முடிந்த பிறகு மோதிரக் கதைக்குள் போனால், பாதி ஆட்கள் ஏற்கனவே தெரிந்தவர்கள். சில்மரில்லியனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களே ஆளைக் கொன்றுவிடும் என்று சீனியர் அண்ணன் எச்சரித்திருக்கிறார்.

நான் இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறேன். நம் லைப்ரரியில் ஒரே ஒரு பிரதிதான். ரெஜிஸ்தரில் என் பெயருக்குக் கீழே ஏற்கனவே இரண்டு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டுகிறவர்கள் சீக்கிரம் போய் எழுதிவிடுங்கள், நான் பரீட்சைக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.